பையனைப் பற்றிக் கேட்க வருபவர்: ஓர் அறிக்கையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நம்மூருக்குள் ஓர் உத்தியோகத்தர் கையில் கோப்போடு வந்து, ஒரு வீட்டைப் பற்றி அயலில் விசாரித்தால் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் "எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று கதவைச் சாத்துவார்கள். மீதிப் பேர் "தங்கமான புள்ள" என்பார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போன பிறகுதான் சந்தியில் உண்மையான கதை தொடங்கும். நன்னடத்தை உத்தியோகத்தர் என்றால் சிவில் உடுப்பில் வரும் பொலிஸ் என்று நினைப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஐஸ், தூள், களவு என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் நீதிமன்றம் வரை போவதை மறைத்துப் பிரயோசனமில்லை. பிள்ளை பிடிபட்டால் உம்மாவும் வாப்பாவும் முதலில் ஓடுவது சட்டத்தரணியிடம், அடுத்தது அரசியல்வாதியிடம். தண்டனைக்கு முன்னர் நீதவானின் மேசைக்கு ஓர் அறிக்கை போகிறது, அதை எழுதுபவர் நம் வீட்டுக்கும் நம் பாடசாலைக்கும் வந்து கேட்டுத்தான் எழுதுகிறார் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசியபோது, அந்த அறிக்கை எங்கிருந்து வந்தது என்று யாராவது எழுதினால் நல்லது என்றார்கள். வரலாறு படிப்பிப்பவர்கள் என்பதால் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

கதை 1841இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தொடங்குகிறது. ஜோன் ஒகஸ்டஸ் என்பவர் சப்பாத்துச் செய்பவர். சட்டம் படித்தவரில்லை, அரச உத்தியோகத்தருமில்லை. மதுவுக்கு எதிரான இயக்கத்தில் இருந்தவர். அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை அவர் நீதிமன்றத்தில் இருந்தபோது, கந்தல் உடுப்போடு ஒரு குடிகாரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வழமையான தண்டனை சிறைதான். ஒகஸ்டஸ் அவரோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். இவரைத் திருத்தலாம் என்று அவருக்குப் பட்டது. பிணை எடுத்தார். மூன்று வாரம் கழித்துத் தண்டனைக்காகத் திரும்பிக் கொண்டுவந்தபோது, ஆளை அடையாளமே தெரியவில்லை. ஒகஸ்டஸ் சொன்ன விபரத்தைக் கேட்ட நீதிபதி, சிறைக்குப் பதிலாக 1 சதம் தண்டப்பணம் விதித்தார். வழக்குச் செலவோடு சேர்த்து மொத்தம் 3 டொலர் 76 சதம்.

இதைப் பிணை எடுத்த கதையாகத்தான் பலரும் சொல்வார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது, மூன்றாம் வாரத்தின் முடிவில் ஒருவர் எழுந்து நின்று நீதிபதிக்குச் சொன்ன அந்த விபரம். அதுவரை நீதிபதியின் முன்னால் இருந்தது குற்றம் மட்டும்தான். அன்றைக்கு முதல் தடவையாக ஆளும் வந்து சேர்ந்தார்.

ஒகஸ்டஸ் கண்டவர்களையெல்லாம் பிணை எடுக்கவில்லை. ஒருவரைப் பொறுப்பேற்க முதல் மூன்று விடயங்களை விசாரித்தார்: இதற்கு முன் ஆள் எப்படி நடந்தவர், வயது என்ன, இனிமேல் யாரோடு எந்தச் சூழலில் இருக்கப்போகிறார். 1852இல் தன் வேலையைப் பற்றி அவரே எழுதி வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. இன்று எந்த நாட்டில் எந்த நன்னடத்தை உத்தியோகத்தரின் படிவத்தை எடுத்துப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்விகளும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். 1858 வரை அவர் பொறுப்பேற்றவர்கள் 1,946 பேர். அடுத்த வருடம் இறந்துபோனார். அவரை எல்லாரும் வாழ்த்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். சிறைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொருவருக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கு ஒரு கட்டணம் கிடைக்கும். இவர் பிணை எடுத்தால் அது போய்விடும். அதனால் அவருக்குக் கொடுத்த தொல்லைகள் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பவர்களுக்கு அநேகமாக ஒரு கணக்கு இருக்கும். அது எல்லா ஊரிலும் அப்படித்தான். 1878இல் மசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டு, இந்த வேலைக்குச் சம்பளத்தோடு ஓர் உத்தியோகத்தரை நியமிக்க வழி செய்தது.

இங்கிலாந்தில் ஃபிரடெரிக் ரெய்னர் என்ற அச்சகக்காரர் 1876இல் தேவாலயத்தின் மதுவிலக்குச் சங்கத்துக்கு 5 ஷில்லிங் அனுப்பினார். ஒரு தடவை வழுக்கி விழுந்தவர் திரும்பத் திரும்ப அதே நீதிமன்றத்துக்கு வருகிறாரே, ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். அதிலிருந்துதான் நீதிமன்றங்களில் உட்கார்ந்திருக்கும் சமயத் தொண்டர்கள் வந்தார்கள். நீதவான்கள் மெல்ல மெல்ல அவர்களிடம் "இந்த ஆளைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்கப் பழகினார்கள். 1907இல் அது சட்டமாகி, தொண்டர் உத்தியோகத்தரானார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 8 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது என்றது. அப்படியென்றால் 8 வயது முடிந்த பிள்ளையைக் கூண்டில் ஏற்றலாம். இந்த வயது 2018இல்தான் 12 ஆக உயர்ந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்தது விளங்கும் அளவுக்கு முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிக்க வேண்டும். 135 வருடங்களாக எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்யக்கூடியவர்களாக இருந்தார்கள் என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம்தான் சிறுவர் நீதிமன்றத்தைக் கொண்டுவந்தது. ஆறு வருடத்துக்கு முன்னர் இங்கிலாந்தில் வந்த சட்டத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. இதில் நீதவானுக்குப் பல வழிகள் திறந்திருந்தன. பிள்ளையைப் பெற்றோரிடமோ பொருத்தமான வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம், சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். ஆண் பிள்ளை என்றால் அடிக்கவும் கட்டளையிடலாம்: மெல்லிய பிரம்பால், ஆறு அடிக்கு மேற்படாமல், நீதிமன்றத்தின் முன்னிலையில். விரும்பினால் பெற்றோரும் நின்று பார்க்கலாம்! அந்த அடி 2005இல் உடல்சார் தண்டனைகளை நீக்கும் சட்டத்தோடுதான் இல்லாமல் போனது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரே களவுக்கு ஒரு பிள்ளைக்குப் பிரம்படியும் கிடைக்கலாம், சில வருடங்கள் வீட்டை விட்டுப் பிரிந்திருக்கவும் நேரலாம், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கும் போகலாம். எதைத் தெரிவு செய்வது? களவு போன சாமானின் பெறுமதியை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னால் நிற்கும் பிள்ளையை நீதவானுக்கு எப்படித் தெரியும்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் அறிக்கை.

1933ஆம் ஆண்டின் அந்த ஆங்கிலச் சட்டம், பிள்ளையைப் பற்றி நீதிமன்றம் நான்கு விடயங்களை அறிய வேண்டும் என்றது. வீட்டுச் சூழல், பாடசாலைப் பதிவு, உடல்நலம், குணம். இரண்டாவதைக் கவனியுங்கள். பாடசாலை அந்த அறிக்கையில் ஒரு சாட்சி. நாங்கள் ஆசிரியர்கள் இந்தக் கதைக்கு வெளியே நின்று கைகட்டிப் பார்க்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

பெரியவர்களுக்கான நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944இல் வந்தது, 42ஆம் இலக்கம். குற்றத்தின் தன்மையோடு ஆளின் குணம், பழைய வரலாறு, வீட்டு நிலைமை ஆகியவற்றையும் பார்த்து நன்னடத்தைக் கட்டளை வழங்க அது இடம் கொடுத்தது. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு சேவைகளுக்கென்று தனித் திணைக்களம் உருவானது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு இந்த வேலை மாகாண சபைகளுக்குப் போனது. நம் வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தின் ஆளாக இருப்பது அதனால்தான். பொலிஸுக்கும் அவருக்கும் நிர்வாக ரீதியாக எந்தத் தொடர்பும் இல்லை.

நம் அயலில் தமிழ்நாடு இதில் நமக்கு முந்தியது. சென்னை மாகாணம் 1920இலேயே சிறுவர் சட்டம் கொண்டுவந்தது. 1937இல் நன்னடத்தைச் சட்டமும் வந்துவிட்டது.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் நாம் "நன்னடத்தை" என்கிறோம். கேட்டவுடன், நல்லவன் என்று சான்றிதழ் கொடுக்கும் திணைக்களம் போலத் தோன்றுகிறது. சிங்களத்தில் "பரிவாச" என்கிறார்கள். அது பௌத்த துறவிகளின் ஒழுக்க விதிகளிலிருந்து வந்த சொல். தவறு செய்த துறவி சிறிது காலம் சில உரிமைகளை விட்டுக்கொடுத்துத் தனியே இருந்து, பிறகு சங்கத்துக்குள் திரும்பும் முறை. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் "சோதித்துப் பார்த்தல்" என்ற பொருள் தருவது. மூன்று மொழியில் மூன்று விதமான எண்ணம். நம் மொழியின் சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது என்பது எங்கள் அபிப்பிராயம். உத்தியோகத்தர் வந்தவுடன் நாம் நற்சான்றிதழ் எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு சம்பவம். ஊரையும் ஆளையும் சொல்ல மாட்டோம். க.பொ.த சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு களவு வழக்கில் மாட்டிக்கொண்டான். உத்தியோகத்தர் விசாரிக்க வந்தார். அயலில் ஒருவர் தங்கம் என்றார், ஒருவர் தறுதலை என்றார். விடுகைப் பத்திரத்தில் எல்லாருக்கும் எழுதுவதுபோல "நடத்தை: திருப்தி" என்று எழுதித் தரப் பாடசாலையும் தயாராக இருந்தது. அந்த அம்மா அதையெல்லாம் விட்டுவிட்டு வரவுப் பதிவேட்டைக் கேட்டார். வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, அவன் வராத நாட்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். ஏறத்தாழ எல்லாம் புதன்கிழமை. புதன்கிழமை பக்கத்து ஊரில் சந்தை. பையன் மரக்கறி மூட்டை இறக்கப் போயிருக்கிறான். வாப்பாவுக்குச் சிறுநீரக நோய், வேலைக்குப் போவதில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். பழக்கம் கெட்டது அந்தச் சந்தையில், மூத்த பையன்களோடு. வகுப்பாசிரியருக்கு அவன் வராத நாட்கள் தெரியும், கிழமை தெரியாது. அந்த அறிக்கையில் போன மிக முக்கியமான விடயம் அந்தப் புதன்கிழமைகள்தான். நீதவான் நன்னடத்தைக் கட்டளை கொடுத்தார். சந்தைக்குப் போகக் கூடாது, பாடசாலைக்கு ஒழுங்காக வர வேண்டும் என்று நிபந்தனை. அந்த வீட்டுக்கு மாதாந்தம் உலர் உணவு கொடுக்கப் பள்ளிவாசல் நிர்வாகம் முன்வந்ததும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான். அதுவரை அந்த வீட்டின் கஷ்டம் நிர்வாகத்துக்குத் தெரியாது.

"தங்கமான புள்ள" என்ற வார்த்தையில் இதில் ஒன்றாவது இருந்ததா? அது நீதவானுக்கு எந்த உதவியும் செய்யாது. பிள்ளைக்கும் செய்யாது. குற்றம் செய்தானா இல்லையா என்று அறிக்கை பார்ப்பதில்லை. அது வழக்கின் வேலை. ஏன் இப்படி நடந்தது, திரும்ப நடக்காமல் இருக்க யார் துணை நிற்பார், எந்த நிபந்தனையை இவரால் நிறைவேற்ற முடியும் என்பதைத்தான் அறிக்கை பார்க்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான்.

1949இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு, வில்லியம்ஸ் எதிர் நியூயோர்க். புரூக்ளினில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கு அது. ஜூரிமார் குற்றவாளி என்று கண்டார்கள், ஆயுள் தண்டனை போதும் என்றும் பரிந்துரைத்தார்கள். நீதிபதி மரண தண்டனை விதித்தார். காரணம், நன்னடத்தைத் திணைக்களத்தின் அறிக்கை. இவர் வேறு 30 வீடுடைப்புகளில் சம்பந்தப்பட்டவர் என்று அதில் இருந்தது. அவற்றுக்காக அவர் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கவில்லை. அந்தத் தகவல்களைச் சொன்ன எவரையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவுமில்லை. உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்தத் தண்டனை செல்லும் என்றது. ஆளைத் தெரிந்துகொண்டு தண்டனை கொடுப்பது நவீன முறை, அதற்கு நீதிபதிக்குப் பரந்த தகவல் வேண்டும் என்பது நியாயமாகச் சொல்லப்பட்டது.

சிறையிலிருந்து காப்பாற்றப் பிறந்த ஓர் அறிக்கை ஒருவரைத் தூக்கும் இடத்துக்கும் அனுப்பலாம் என்பதை நாங்கள் இந்த வழக்கிலிருந்துதான் விளங்கிக்கொண்டோம். 28 வருடம் கழித்து, 1977இல், கார்ட்னர் எதிர் புளோரிடா வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு வேலி போட்டது: பிரதிவாதிக்குக் காட்டாமல் மறைத்து வைத்த அறிக்கைப் பகுதியை வைத்து மரண தண்டனை விதிக்க முடியாது. இந்தியாவின் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் நடுவழி போகிறது. அறிக்கை இரகசியமானது, ஆனால் அதன் சாரத்தை நீதிமன்றம் குற்றவாளிக்குத் தெரியப்படுத்திப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்கலாம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: 21 வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாத வழக்கில், சிறைக்கு அனுப்ப முன்னர் இந்த அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பார்க்க வேண்டும்; சிறைக்கு அனுப்பினால் காரணத்தை எழுதவும் வேண்டும்.

சந்தியில் பேசும் கதையை உத்தியோகத்தரிடம் சொல்வதற்கும் நாம் கண்டதைச் சொல்வதற்கும் உள்ள தூரம் இங்கேதான். "அவன் இன்னாரின் கூட்டம்", "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று காணிப் பிரச்சினையையோ கல்யாணப் பிரச்சினையையோ மனதில் வைத்துச் சொல்லும் ஒரு வசனம் ஒரு பிள்ளையின் கோப்பில் பல வருடம் கிடக்கும். சொன்னவர் மறந்துவிடுவார்.

சிலர் இதற்குப் பயந்து ஒன்றுமே சொல்வதில்லை, புறம் பேசுவது ஹராம் என்பார்கள். அவர்களது பேணுதலை மதிக்கிறோம். ஆனால் இமாம் நவவி அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரின் குறையை எடுத்துச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எழுதியிருப்பதை நம் மௌலவிமார் குத்பாவில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தவறைத் திருத்த உதவி தேடுவது அதில் ஒன்று. ஒரு பிள்ளையைத் திருத்துவதற்கென்றே சட்டம் அனுப்பிய ஆள் வாசலில் நின்று கேட்கும்போது, தெரிந்ததை அளவோடு சொல்வது அந்த வகையில் சேருமா என்று உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை.

பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்கள் விடயத்திலும் நம் நாட்டில் அறிக்கைக்கு இப்போது இடமிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக, சம்பளமில்லாத பொது வேலை, போதைப்பொருளுக்குப் புனர்வாழ்வு போன்ற நிபந்தனைகளோடு ஆளை ஊரிலேயே வைத்திருக்கலாம். அதற்கு முன்னும் ஓர் உத்தியோகத்தர் விசாரித்துத் தண்டனைக்கு முன்னரான அறிக்கை எழுதுவார். தண்டப்பணம் கட்ட வசதியில்லாமல் உள்ளே போய், உள்ளே போனதற்குப் பிறகு பெரிய ஆட்களின் சகவாசம் பிடித்து வெளியே வந்தவர்களை நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு இந்த வழி இருக்கிறது என்று சொல்ல அருகில் ஆள் இல்லாமல் போனதுதான் கவலை. பெருந்தொகை போதைப்பொருளோடு பிடிபடும் வியாபாரிக்கு இந்த வழி திறக்காது. அதில் எங்களுக்குத் துக்கமும் இல்லை.

மொழி ஒரு தனிப் பிரச்சினை. சிங்களப் பிரதேசங்களில் வாழும் நம் குடும்பங்களில் ஆண்களுக்குச் சிங்களம் ஓடும். உம்மாமார் பலருக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுதான். உத்தியோகத்தர் பகல் நேரத்தில் வருவார், வீட்டில் உம்மாதான் இருப்பா. கணவர் வெளிநாட்டில், மகனின் சகவாசம் பற்றி அவவுக்கு நன்றாகத் தெரியும், சொல்ல வார்த்தை இல்லை. "ஒவ், ஒவ்" என்று தலையாட்டிவிட்டு, உத்தியோகத்தர் போன பிறகு அழுவா. அந்த ஆமோதிப்பும் பதிவாகிவிடும். இப்படியான வீட்டுக்கு இரண்டு மொழியும் தெரிந்த, வாயை அடக்கத் தெரிந்த ஒரு சகோதரியோ ஆசிரியையோ அந்த நேரத்தில் போய்ப் பக்கத்தில் இருந்தால் போதும். பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம். உத்தியோகத்தரிடம் வேறொரு நாள் வரச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை. அநேகமானவர்கள் மனிதர்கள்தான், ஒத்துக்கொள்வார்கள்.

எங்கள் பாடசாலைப் பக்கத்தில் சிலதைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். வராத பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் கிழமையையும், விசாரித்தபோது வீட்டில் சொன்ன காரணத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுகிறோம். உத்தியோகத்தர் வந்தால் அதிபரின் அனுமதியோடு வகுப்பாசிரியரே உட்கார்ந்து பேசுவது, கண்டதைச் சொல்வது, கேட்டதைக் "கேட்டது" என்றே சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். எந்தப் பாடத்தில் பிள்ளை நன்றாகச் செய்கிறான், எந்த ஆசிரியரின் பேச்சைக் கேட்பான் என்பதையும் சொல்வோம். கண்காணிப்புக் காலத்தில் அவனோடு யாரை நிறுத்தலாம் என்று தேடுபவருக்கு அது கையில் கிடைத்த சாமான்.

பெற்றோர் யாருக்காவது இப்படி ஒரு விசாரணை வரவிருந்தால், வெட்கப்படாமல் உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வெளியே போகாது. பிள்ளையின் வைத்திய கிளினிக் அட்டை, பாடசாலை அறிக்கைப் புத்தகம், வீட்டில் யார் உழைக்கிறார் என்ற விபரம், பிள்ளையைப் பொறுப்பேற்று நிற்கக்கூடிய மாமாவோ சாச்சாவோ யார் என்பது, இவற்றை உத்தியோகத்தர் வரும் நாளுக்கு முதல் நாளே எடுத்து வையுங்கள். அந்த மாமாவையும் அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.